மீன்விழிக் கண்காணிப்புக் கேமராவின் காட்சி முறைகள்

மீன்விழிக் கேமரா என்பது சுமார் 180 பாகை அல்லது அதற்கு மேற்பட்ட பார்வைக் கோணமுள்ள வில்லையைக் கொண்ட கண்காணிப்புக் கேமரா. சி.சி.டி.வி. பொருத்துவோர் இதை ஃபிஷ்ஐ கேமரா என்பர். அறையின் கூரை நடுவில் ஒன்றைப் பொருத்தினால் தரையும் நான்கு சுவர்களும் ஒரே படத்தில் அடங்கிவிடும். ஆனால் அந்தப் படம் வட்டமாக இருக்கும். அதில் நேர்க்கோடுகள் வளைந்து தெரியும், ஆட்கள் சாய்ந்து தெரிவார்கள். அந்த வட்டத்தைக் கண்ணுக்குப் பழகிய வடிவங்களாக மாற்றித் திரையில் காட்டும் ஏற்பாடுகளே காட்சி முறைகள். இவற்றுக்கான வில்லை வானிலை ஆய்விலிருந்தும், படத்தை நேராக்கும் கணக்கு விண்வெளி ரோபோ ஆய்விலிருந்தும் வந்தவை. இரண்டும் கண்காணிப்புத் துறையில் பரவலாக ஒன்றுசேர்ந்தது 2000-க்குப் பிறகுதான்.

வில்லையின் தோற்றம்

நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு, ஒளிவிலகலால் அடிவானம் வரையிலான வெளியுலகம் முழுவதும் சுமார் 97 பாகைக் கூம்புக்குள் சுருங்கி, தலைக்கு மேல் ஒரு வட்டமாகத் தெரியும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக இயற்பியலர் ராபர்ட் வில்லியம்ஸ் வுட் இந்தப் பார்வையைப் படமாக்க முயன்றார். நீர் நிரப்பிய பெட்டிக்குள் ஒளிப்படத் தட்டை வைத்து, ஊசித்துளை வழியே ஒளியைச் செலுத்தி அவர் எடுத்த படங்களும் விளக்கமும் 1906-இல் வெளியாயின. மீன்விழி என்ற பெயரும் அக்கட்டுரையிலிருந்தே நிலைத்தது.

இந்தக் கருத்தை முதலில் பயன்படுத்திக்கொண்டவர்கள் வானிலை ஆய்வாளர்கள். மேகங்கள் வானெங்கும் பரவியிருப்பவை; சாதாரணக் கேமராவால் ஒரு மூலையைத்தான் படம்பிடிக்க முடியும். 1922-இல் டபிள்யூ. என். பாண்ட் நீரை விடுத்து, அரைக்கோளக் கண்ணாடியைக் கொண்டு மேகங்களைப் பதியும் வில்லையை விவரித்தார். 1924-இல் இங்கிலாந்தின் ராபின் ஹில், வானம் முழுவதையும் ஒரே தட்டில் அடக்கும் வில்லையை வெளியிட்டார். லண்டனின் ஆர். அண்ட் ஜே. பெக் நிறுவனம் அதை 'ஹில் ஸ்கை லென்ஸ்' என்ற பெயரில் தயாரித்தது. ஒளிச்சேர்க்கைப் பாடத்தில் மாணவர்கள் படிக்கும் 'ஹில் வினை'க்கு உரியவரும் இதே ராபின் ஹில்தான். 1930-களில் ஜெர்மனியின் ஏ.இ.ஜி. நிறுவனமும் ஜப்பானின் நிப்பான் கோகாகு நிறுவனமும் இத்தகைய வில்லைகளை உருவாக்கின. பின்னாளில் நிக்கான் என்ற பெயர் பெற்ற நிப்பான் கோகாகு, 1962-இல் 35 மி.மீ. கேமராவில் மாட்டக்கூடிய 8 மி.மீ. மீன்விழி வில்லையை விற்பனைக்குக் கொண்டுவந்தபின், அது ஒளிப்படக் கலைஞர்களின் கைக்கும் எட்டியது.

இந்த வில்லைகளில் பலவும் ஒரே விதியைப் பின்பற்றுகின்றன: படத்தின் மையத்திலிருந்து ஒரு புள்ளி எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அது வில்லையின் அச்சிலிருந்து விலகும் கோணமும் அதே விகிதத்தில் இருக்கும். இதற்குச் சமதொலைவு வீழல் என்று பெயர். மேகத்தின் கோணத்தை அளவுகோல் கொண்டே அளக்க வேண்டும் என்பதால் வானிலை ஆய்வாளர்கள் இதை விரும்பினர். படத்தின் வளைவு தாறுமாறானதன்று, கணக்குக்கு உட்பட்டது. ஆகவே அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் வளைவை நேராக்கிவிடலாம். காட்சி முறைகள் அனைத்தும் இந்த ஒரு உண்மையின்மீதே எழுந்தவை.

கணினி வழி நேராக்கல்

திருப்பிப் போடும் அந்தக் கணக்கை நகரும் படத்துக்கு உடனுக்குடன் செய்ய, வேகமான மின்னணுச் சில்லுகள் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நாக்ஸ்வில் நகரிலிருந்த டெலிரோபாடிக்ஸ் இன்டர்நேஷனல் நிறுவனம், நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தின் ஆதரவுடன் ரோபோக்களுக்கான பார்வைக் கருவிகளை ஆராய்ந்தது. திரும்பும் கேமராவுக்கு மோட்டாரும் பற்சக்கரமும் வேண்டும். அவை தேயும், பழுதாகும், இடத்தையும் அடைக்கும். அதற்கு மாற்றாக ஸ்டீவன் சிம்மர்மன், அசையாத மீன்விழிக் கேமராவின் படத்திலிருந்து வேண்டிய திசையை மட்டும் பிரித்து நேராக்கிக் காட்டும் முறையை வகுத்தார். அதற்கு 1993 பிப்ரவரியில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. கேமரா அசையவில்லை, பார்வை மட்டும் இடம், வலம், மேல், கீழ் என்று திரும்பியது, பெரிதாக்கவும் முடிந்தது. அந்நிறுவனம் பின்னர் ஆம்னிவ்யூ என்றும், அதன்பின் ஐபிக்ஸ் என்றும் பெயர் மாறி, இணையத்தில் வீடுகளையும் விடுதிகளையும் சுற்றிக் காட்டும் முழுவட்டப் படங்களால் அறியப்பட்டது.

கண்காணிப்புத் துறைக்கு வருகை

சுவீடனின் ஆக்சிஸ் நிறுவனம் 1996-இல் வலையமைப்பில் இணையும் முதல் கேமராவை வெளியிட்டது. ஆனால் அக்காலக் கேமராக்களின் பிக்சல்கள் மீன்விழிக்குப் போதவில்லை. அரைக்கோளம் முழுவதையும் மூன்று லட்சம் பிக்சலில் அடைத்தால், நேராக்கிய படத்தில் முகங்கள் கட்டம் கட்டமாகச் சிதறின. மெகாபிக்சல் உணரிகள் மலிவானபின் நிலைமை மாறியது. 2000-களின் இறுதியில் ஜெர்மனியின் மோபோட்டிக்ஸ் அரைக்கோளக் கேமராக்களை விற்கத் தொடங்கியது. கனடாவின் மான்ட்ரியாலிலுள்ள இம்மர்விஷன், படத்தின் ஓரங்களுக்குக் கூடுதல் பிக்சல் ஒதுக்கும் பானோமார்ஃப் வில்லைக்கும், அதன் படத்தை நேராக்கும் மென்பொருளுக்கும் பல நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஆக்சிஸ், விவோடெக், ஹிக்விஷன், டாஹுவா உள்ளிட்ட நிறுவனங்களின் மீன்விழிக் கேமராக்கள் கடைகளிலும் கிடங்குகளிலும் அலுவலகங்களிலும் பரவின.

பொருத்தும் முறை

காட்சி முறையைத் தேர்வதற்கு முன் கேமராவுக்குச் சொல்ல வேண்டியது, அது கூரையிலா, சுவரிலா, மேசையிலா என்பது. நேராக்கும் கணக்குக்கு எது மேல், எது கீழ் என்று தெரிந்தாக வேண்டும். சுவரில் மாட்டிவிட்டு அமைப்பில் கூரை என்று விட்டுவிட்டால், விரித்த படத்தில் கதவுகள் விசிறிபோல் சாயும். பலர் கேமராவைக் குறை சொல்வது இந்த ஒரு தவறான அமைப்பால்தான். கூரையில் மாட்டினால் சுற்றிலும் 360 பாகையும் பயன்படும். சுவரில் மாட்டினால் பின்பக்கம் சுவர் என்பதால் 180 பாகை விரிகாட்சியே பொருந்தும்.

காட்சி முறைகள்

மூல வட்டம்: கேமரா கண்டது எதையும் மாற்றாமல் காட்டுவது. கூரைக் கேமராவுக்கு நேர் கீழே நிற்பவர் மையத்தில் தலையும் தோளுமாகத் தெரிவார். அவர் வாசலை நோக்கி நடந்தால், தலை வட்டத்தின் விளிம்பையும் கால் மையத்தையும் நோக்க, ஆரத்தின் வழியே சாய்ந்து நீள்வார். வட்டத்தின் கீழ்ப்பாதிக்கு வந்தால் தலைகீழாகத் தெரிவார். பழகாத கண்ணுக்கு இது குழப்பம். ஆனால் யார் எங்கிருந்து எங்கே போனார் என்பதை இடைவெளியில்லாமல் காட்டுவது இது ஒன்றே.

விரிகாட்சி: வளையலை ஓரிடத்தில் வெட்டி நீட்டியதுபோல், வட்டத்தை ஒரு கோட்டில் வெட்டி நீண்ட பட்டையாக விரிப்பது. ஆட்கள் நிமிர்ந்து நிற்பார்கள். வெட்டிய இடத்தில் நடப்பவர் பட்டையின் வலப்பக்கம் மறைந்து இடப்பக்கம் தோன்றுவார். ஆகவே வெட்டுக்கோடு ஆள் நடமாட்டமில்லாத சுவர்ப் பக்கம் விழும்படி அமைக்க வேண்டும். மையப் பகுதி இதில் அளவுக்கு மீறி இழுபடும். கேமராவுக்கு நேர் கீழே நடப்பதைப் பார்க்க விரிகாட்சி உதவாது.

இரட்டை விரிகாட்சி: 360 பாகையை இரண்டு 180 பாகைப் பட்டைகளாக்கி ஒன்றன்கீழ் ஒன்றாக வைப்பது. ஒற்றைப் பட்டையைவிட ஒவ்வொன்றும் திரையில் பெரிதாகத் தெரியும். நீளமான தாழ்வாரத்தின் நடுவில் மாட்டிய கேமராவுக்கு இது மிகப் பொருத்தம்.

பகுதிக் காட்சி: சிம்மர்மன் வகுத்த முறையின் நேரடி வாரிசு. வட்டத்தின் ஒரு பகுதியை மட்டும் நேராக்கிச் சாதாரணக் கேமராவின் படம்போல் காட்டும். சுட்டியால் இழுத்தால் பார்வை திரும்பும். சக்கரத்தை உருட்டினால் பெரிதாகும். இதை மென்பொருள் வழி பி.டி.இசட். (பக்கவாட்டில் திருப்பல், மேல்-கீழ் சாய்த்தல், பெரிதாக்கல்) என்பர். மோட்டார் வைத்த பி.டி.இசட். கேமரா ஒரு திசையைப் பார்க்கும்போது மற்றத் திசைகளைப் பார்ப்பதில்லை. அதை ஒரு நேரத்தில் ஒருவர்தான் திருப்பவும் முடியும். பகுதிக் காட்சியில் அந்த இரண்டு தடையும் இல்லை. பத்துப் பேர் பத்துத் திசைகளை ஒரே நேரத்தில் பார்க்கலாம்.

கூட்டுக் காட்சி: திரையைப் பிரித்துப் பல முறைகளை ஒன்றாக வைப்பது. நான்கு பகுதிக் காட்சிகள், ஒரு மூல வட்டத்துடன் மூன்று பகுதிகள், ஒரு விரிகாட்சியுடன் சில பகுதிகள் எனப் பல வகைகள் உண்டு. விவோடெக் கேமராக்களில் இவற்றுக்கு 1ஓ, 1பி, 2பி, 4ஆர், 1ஓ3ஆர் என்பன போன்ற குறியீடுகள் உள்ளன: ஓ மூல வட்டம், பி விரிகாட்சி, ஆர் பகுதி. வட்டத்துடன் மூன்று பகுதிகள் சேர்ந்த முறையில், ஒட்டுமொத்த நடமாட்டம் வட்டத்திலும், வாசல், கல்லா, சரக்கு அடுக்கு ஆகியவை தனித்தனிப் பகுதிகளிலும் தெரியும். கடை நடத்துவோர்க்கு இதுவே பெரிதும் பயன்படுவது.

நேராக்குவது எங்கே, சேமிப்பது எதை

நேராக்கும் கணக்கைக் கேமராவின் சில்லே செய்யலாம். பார்ப்பவரின் கணினியோ கைபேசிச் செயலியோ செய்யலாம். கேமரா செய்தால் பழைய என்.வி.ஆர். பதிவுப் பெட்டியிலும் நேரான படம் கிடைக்கும். ஆனால் அப்போது பதிவாவது அன்று கேமராவில் அமைத்திருந்த காட்சிகள் மட்டுமே. நான்கு பகுதிகளைச் சேமித்துவிட்டு, திருட்டு அவற்றுக்கு இடைப்பட்ட இடத்தில் நடந்திருந்தால், கேமரா அதைக் கண்டிருந்தும் பதிவில் அது இராது. மூல வட்டத்தைச் சேமித்து, பார்க்கும்போது நேராக்கினால், ஒரு வாரத்துக்கு முந்தைய பதிவிலும் பார்வையை வேண்டிய திசைக்குத் திருப்பலாம். சாதாரணக் கேமரா தராத இந்த வசதிதான் மீன்விழியின் தலையாய பயன். காட்சி முறைகளைப் பார்க்கும்போது எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். சேமிக்காமல் விட்டதை மீட்க வழியில்லை.

வரம்புகள்

நேராக்குவதால் படம் தெளிவடைவதில்லை. உள்ள பிக்சல்கள் இடம் மாறுகின்றன, அவ்வளவே. 12 மெகாபிக்சல் உணரியில் 4000-க்கு 3000 பிக்சல் என்றால், உள்ளடங்கும் வட்டத்தின் விட்டம் 3000. அதை 180 பாகைக்குப் பங்கிட்டால் ஒரு பாகைக்குச் சுமார் 17 பிக்சல். கண்காணிப்புக் கேமராக்களுக்கான ஐ.இ.சி. 62676-4 தரநிலையின் 2014 பதிப்பு, முன்பின் தெரியாதவரை அடையாளம் காண மீட்டருக்கு 250 பிக்சலும், தெரிந்தவரை இன்னார் என்று அறிய 125 பிக்சலும் கேட்டது. கணக்குப்படி வில்லையிலிருந்து ஏறத்தாழ 3.8 மீட்டருக்குள் முதல் தேவையும், 7.6 மீட்டருக்குள் இரண்டாவதும் நிறைவேறும். 2048-க்கு 1536 பிக்சலுள்ள 3 மெகாபிக்சல் கேமராவில் இந்தத் தொலைவுகள் சுமார் 2, 4 மீட்டராகக் குறையும். நேர் கீழே நிற்பவரின் உச்சந்தலைதான் தெரியும் என்பதால், முகம் தெளிவாகக் கிடைப்பது கேமராவைச் சுற்றியுள்ள ஒரு வளையப் பகுதியில் மட்டுமே. செவ்வக உணரியில் வட்டத்துக்கு வெளியே விழும் மூலைகளும் ஓரங்களும் வீண். 4-க்கு 3 விகித உணரியில் அந்த இழப்பு 40 விழுக்காட்டுக்குச் சற்று அதிகம்.

கணினி வழி ஆளறிதலும் இங்கே தடுமாறியது. நிமிர்ந்து நிற்பவர்களின் படங்களில் பயிற்றுவித்த நிரல்கள், ஆரத்தின் வழியே சாய்ந்து கிடப்பவர்களைத் தவறவிட்டன. பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ராபிட் என்ற முறை, ஒவ்வொருவரைச் சுற்றியும் அவர் சாய்ந்த கோணத்துக்கேற்பத் திருப்பிய கட்டத்தை வரைந்து, வட்டப் படத்திலேயே ஆட்களைக் கண்டறிந்தது.

தனியுரிமையும் இந்த வரம்புகளில் அடங்கும். ஒரு திசையை நோக்கும் கேமராவின் பார்வைக்கு வெளியே ஒருவர் விலகி நிற்கலாம். மீன்விழியின் கீழ் அப்படி ஓரிடம் இல்லை. உடைமாற்றும் அறையின் வாயிலோ, அண்டை வீட்டுச் சன்னலோ வட்டத்துக்குள் வந்தால், அந்த இடங்களைக் கேமராவின் மறைப்பு வசதியால் நிரந்தரமாக மறைத்துவிடுவது கடமை.

மதிப்பீடு

மீன்விழிக் கேமரா, ஓர் அறையில் நடந்ததை முழுமையாகச் சொல்லும் சாட்சி; தொலைவில் நிற்பவரின் முகத்தை அடையாளம் காட்டும் சாட்சியன்று. வாங்குவோர் கூரை நடுவில் இதைப் பொருத்தி, மூல வட்டத்தையே சேமித்து, வாசலில் முகம் பதிய ஒரு சாதாரணக் கேமராவையும் சேர்த்துக்கொண்டால், இரண்டின் குறையும் நீங்கும்.