கர்னல் உட் பிடித்த கோட்டைகள்

சேனாபதிகளில் இரண்டு ஜாதி உண்டு: கோட்டையைப் பிடிக்கத் தெரிந்தவர்கள், வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள். கும்பினியின் கர்னல் உட் முதல் ஜாதி.

ஹைதர் அலி 1768-ல் மேற்குக் கடற்கரைப் பக்கம் போயிருந்தார். உட்டுக்கு அது போதும். சேலம், ஆத்தூர், நாமக்கல், ஈரோடு, கோயம்புத்தூர், திண்டுக்கல் என்று சில மாதங்களில் கோட்டை கோட்டையாக வாரிக்கொண்டார். பிடித்த இடத்திலெல்லாம் சிறு காவலை விட்டுவிட்டு மேலே நடந்தார்.

நாமக்கல் பாறையைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஊர் நடுவே ஒரே கல். அடியில் நரசிம்மர் குடைவரை, உச்சியில் கோட்டை. அதன் மேல் நின்றால் எதிரி வருவது வெகு தூரத்திலேயே தெரியும். தெரிந்து என்ன செய்வது? ஆள் கொஞ்சம், துணைக்கு வரப் பக்கத்தில் படை இல்லை. என்னைக் கேட்டால், உட் தம் படையைத் தாமே துண்டு துண்டாக நறுக்கி ஹைதருக்குப் பரிமாறினார் என்பேன்.

பாகலூர், ஓசூர்ப் பக்கம் உட்டுக்குப் பலத்த அடி விழுந்தது. அவரை விலக்கிவிட்டுக் கர்னல் லாங்கை நியமித்தார்கள். ஆண்டு முடிவதற்குள் ஹைதர் கணவாய் வழியே இறங்கினார். நாமக்கல் உட்பட எல்லாம் சில வாரங்களில் போயின. 1769 மார்ச்சில் அவருடைய குதிரைகள் சென்னை வாசலில் நின்றன. ஏப்ரலில் கும்பினி உடன்படிக்கையில் கையெழுத்திட்டது.