சேமிப்பக அடையாளச் சரிபார்ப்பு

வலைப்பின்னல் வழியே ஒரு சர்வர் வட்டில் இடம் கேட்கும்போது, கேட்பது யார் என்று சேமிப்பகம் உறுதிசெய்துகொள்ளும் முறை. 1964-ல் உருவான சென்னை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இன்று பட்டறைகளோடு தரவு மையங்களும் இயங்குகின்றன, என்.டி.டி. நிறுவனத்தின் வளாகம் 2023-ல் திறக்கப்பட்டது. பல நிறுவனங்களின் சர்வர்கள் ஒரே கூரையின்கீழ் இருக்கும் இத்தகைய இடங்களில் இதைத் தவிர்க்க முடியாது.

தொடக்கத்தில் இதற்குத் தேவை எழவில்லை. 1986-ல் தரப்படுத்தப்பட்ட ஸ்கசி வட்டுகள் சில மீட்டர் கேபிளில் சர்வரோடு பிணைந்திருந்தன. கேபிளைச் செருகியவரே உரிமையாளர். சன் நிறுவனம் 1984-ல் கொண்டுவந்த என்.எஃப்.எஸ். என்னும் வலைவழிக் கோப்புப் பகிர்வு முறை, கேட்கும் கணினி சொன்ன பயனர் எண்ணை அப்படியே நம்பியது. தன் கணினியில் அதே எண்ணை உருவாக்கிக்கொண்டால் எவரும் பிறர் கோப்பைத் திறக்கலாம். இதற்கு மாற்றாகப் பின்னர் வந்தது எம்.ஐ.டி.யில் பிறந்த கெர்பரோஸ் என்னும் சரிபார்ப்பு முறை. ஆனால் இரு பக்கக் கடிகாரங்களும் பொதுவாக ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகினால் அது கதவைச் சாத்திவிடும்.

வட்டையே இணைய நெறிமுறையில் அனுப்பும் ஐஸ்கசி 2004-ல் தரநிலையானது. டயல்-அப் இணைப்புகளுக்குப் பயன்பட்ட 'சாப்' முறையை அது கடன் வாங்கியது. சேமிப்பகம் ஒரு தற்செயல் எண்ணை அனுப்பும். சர்வர் அதைத் தன் ரகசியச் சொல்லோடு கலந்து, எம்.டி.5 கணக்கின் விடையை மட்டும் திருப்பியனுப்பும். சொல் கம்பியில் பயணிப்பதில்லை. எனினும் விடையை ஒட்டுக்கேட்பவர் குட்டையான சொல்லை ஆற அமர ஊகித்துவிடலாம். விண்டோஸ் குறைந்தது 12 எழுத்து கேட்பது அதனால்தான். சேமிப்பகமும் தன்னை நிரூபிக்கும் இருவழி முறை உண்டு. அதில் இரு திசைக்கும் ஒரே சொல்லை வைக்கக் கூடாது.

தரநிலையின் பெருங்குறை வேறு. சாப் வசதியைத் தயாரிப்பாளர் தந்தாக வேண்டும்; பயன்படுத்துவதோ நிர்வாகியின் விருப்பம். வட்டுத் தொகுதியில் சர்வரின் பெயரை மட்டும் பதிந்துவிட்டு வேலை முடிந்ததென்று நினைப்போர் பலர். அப்பெயரை யாரும் போலியாகச் சொல்லலாம். கடவுச்சொல்லே இன்றி இணையத்தில் திறந்துகிடந்த 13,000-க்கும் மேற்பட்ட ஐஸ்கசி சேமிப்பகங்கள் 2019-ல் கண்டறியப்பட்டன.

சாப் ஆளைத்தான் சரிபார்க்கும், தரவை மறைக்காது; மறைக்க ஐபிசெக் என்னும் குறியாக்க முறை தனியே வேண்டும். அடுத்த தலைமுறையான என்.வி.எம்.இ. வலைச் சேமிப்புக்கு, எம்.டி.5-ஐவிட வலுவான கணக்கு முறைகளைக் கொண்ட சரிபார்ப்பு 2022-ல் லினக்ஸ் 6.0 கருவில் இடம்பெற்றது.