முகப்பும் அகமும்: ஓர் ஆங்கிலச் சொல்லும் மலாக்காத் தமிழர் வரலாறும்

முன்னுரை

ஆங்கிலத்தில் ‘ஃபசாட்’ என வழங்கும் சொல்லைத் தமிழில் எவ்வாறு பெயர்ப்பது என்னும் வினா, மொழிபெயர்ப்பு வகுப்புகளில் அடிக்கடி எழுவதாகும். அகராதிகள் ‘முகப்பு’ என்றும் ‘போலித்தோற்றம்’ என்றும் இரு பொருள்களைத் தந்து அமைகின்றன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு பெரிது. அத்தொலைவை உணராமல் இச்சொல்லை வரலாற்று எழுத்தில் கையாளும்போது, மனிதர்களைப் பற்றிய நம் தீர்ப்புகளும் பிழைபட்டு விடுகின்றன. மலாக்கா மாநிலத்துத் தமிழர் வரலாற்றிலிருந்து மூன்று சான்றுகளைக் கொண்டு இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லின் வரலாறு

முகம் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து இத்தாலியத்திற்கும், அங்கிருந்து பிரெஞ்சு மொழிக்கும் சென்ற இச்சொல், 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆங்கிலத்தை வந்தடைந்தது. தொடக்கத்தில் அது கட்டடத்தின் முன்புறத்தை மட்டுமே குறித்தது. உள்ளிருப்பதை மறைக்கும் வெளித்தோற்றம் என்னும் பொருள் பின்னர் ஏறியதாகும்.

தமிழிலும் முகம் என்னும் அடியிலிருந்தே முகப்பு பிறந்தது. ஆயினும், வீட்டின் முகப்பு, நூலின் முகப்பு, கழுத்துச் சங்கிலியின் முகப்பு என எங்கும் அது வஞ்சகப் பொருளைப் பெறவில்லை. வஞ்சகத்தைக் குறிக்க வேடம், பூச்சு, பகட்டு, பாசாங்கு எனத் தமிழ் வேறு சொற்களை நாடுகின்றது. எனவே, ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கியதைத் தமிழ் பிரித்தே வைத்துள்ளது எனலாம்.

முதற்சான்று: கோட்டையில்லாத வாயில்

1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர் எழுப்பிய கோட்டையில் இன்று எஞ்சி நிற்பவற்றுள் முதன்மையானது சந்தியாகோ வாயிலாகும். 1641இல் நகரைக் கைப்பற்றிய டச்சுக்காரர் இவ்வாயிலைச் செப்பனிட்டு, தம் கும்பினியின் சின்னத்தையும் 1670 என்னும் ஆண்டையும் அதன்மீது பொறித்தனர். 1807இல் ஆங்கிலேயர் கோட்டையைத் தகர்த்தபோது இவ்வாயில் மட்டும் தப்பியது. போர்த்துக்கீசியக் கோட்டை எனக் காட்டப்படும் இவ்வாயில் டச்சுச் சின்னத்தைத் தாங்கி நிற்கின்றது. அதன் பின்னே கோட்டையும் இல்லை. இது வெறும் முகப்பே. எனினும் இதில் எவருடைய வஞ்சகமும் இல்லை. இதனைப் ‘போலி’ என்பது பொருந்தாது. ‘எச்சம்’ என்பதே பொருந்தும்.

இரண்டாம் சான்று: மலாக்காச் செட்டிகள்

சுல்தான்கள் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வணிகத்தின் பொருட்டு வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து நிலைபெற்றவர்களின் வழித்தோன்றல்கள் மலாக்காச் செட்டிகள். காஜா பேராங் சிற்றூரில் வாழும் இவர்களின் வீட்டுமொழி மலாய். பெண்டிரின் மரபுடை சாரோங்கும் கெபாயாவும். ஆயினும், சமயத்தால் இவர்கள் சைவர்கள். பொங்கலையொட்டி முன்னோர்க்குப் படையலிடுபவர்கள். 1781இல் இச்சமூகத்தைச் சார்ந்த தவிநாயகர் செட்டி, டச்சு அரசு அளித்த நிலத்தில் எழுப்பிய கோயில் பொற்கொல்லர் தெருவில் இன்றும் வழிபாட்டில் உள்ளது.

இங்குப் புறமும் அகமும் வேறுபடுகின்றன. ஆனால் புறம் அகத்தை மறைக்கவில்லை. தமிழ் பேசாதவர் தமிழரல்லர் எனக் கருதும் காண்போரின் முன்முடிவே இங்கு ஏமாற்றுகின்றது.

அக்கோயிலின் பெயர் பொய்யாத விநாயகர் என்பது ஈண்டு நினையத்தக்கது. தமிழில் பொய்த்தல் என்பது பொய்யுரைப்பதை மட்டும் குறிப்பதன்று. கருமேகம் திரண்டும் மழை பெய்யாதபோது ‘வானம் பொய்த்தது’ என்கிறோம். தோற்றம் அளித்த உறுதியைச் செயல் நிறைவேற்றாமையே பொய்த்தல். ஆங்கிலச் சொல்லின் பிற்காலப் பொருளை நெருங்கும் தமிழ்க் கருத்து இதுவே என்பது என் துணிபு.

மூன்றாம் சான்று: தோட்டத்துப் பள்ளி

1896இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் பயிரிட்டதைத் தொடர்ந்து, மலாக்காவிலும் மலாயாவின் பிற பகுதிகளிலும் தோட்டங்கள் பெருகின. ஜொகூர் எல்லையையொட்டிய சுங்கை ரம்பாய் உள்ளிட்ட ஜாசின் வட்டாரத் தமிழர் வாழ்வும் இத்தோட்டப் பொருளாதாரத்தோடு பிணைந்ததேயாகும். தோட்டங்களுக்கு ஆள் திரட்டச் சொந்த ஊர் சென்ற கங்காணிகள், நல்லாடையும் நகையும் பூண்டு மலாயா வாழ்வைச் செழிப்பானதாகக் காட்டினர் என ஆய்வாளர் பலர் எழுதியுள்ளனர். நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் கப்பலுக்குக் காத்திருந்தோர் நம்பியது இப்பகட்டையே.

இதனினும் நுட்பமானது பள்ளிகளின் நிலை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என விதித்தது. ஏட்டில் இது கல்வி வாக்குறுதி. நடைமுறையிலோ, பல தோட்டங்களில் கோயில் மண்டபமோ பழைய கொட்டகையோ பள்ளியாயிற்று. கங்காணியோ கிராணியோ ஆசிரியராயினர். சட்டத்தின் சொல் நிறைவேறியது, பொருள் நிறைவேறவில்லை. அதாவது, சட்டம் பொய்த்தது.

ஆனால், இவற்றைப் ‘போலிப் பள்ளிகள்’ என எழுதுவது சரியாகுமா? ஆகாது என்பதே என் விடை. போலிமை நிருவாகத்தின் செயலில் இருந்தது. அக்கொட்டகையில் மணலில் அகரம் எழுதிய பிள்ளையிடமோ, குறைந்த ஊதியத்தில் கற்பித்தவரிடமோ இல்லை. இன்றைய தமிழ்ப்பள்ளிகள் பலவும் அத்தகைய கொட்டகைகளிலிருந்து பெற்றோரும் ஆசிரியரும் வளர்த்தெடுத்தவையே. முகப்பாக மட்டும் நிற்கட்டும் என நிருவாகம் விட்டதைச் சமூகம் வீடாகக் கட்டி முடித்தது.

முடிவுரை

இம்மூன்றையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் சுட்ட இயலும். தமிழிலோ முதலாவது எச்சம், இரண்டாவது புறத்தோற்றம், மூன்றாவதில் கங்காணியின் ஆடை பகட்டு, சட்டத்தின் செயல் பொய்த்தல். ஆசிரியர்கள் இச்சொல்லைப் பெயர்க்கும் முன்னர், ‘யார், யாரிடம், எதை மறைத்தார்?’ என மாணவரைக் கேட்கச் செய்தல் நன்று. மறைத்தவர் எவரும் இல்லையெனில் வஞ்சகப் பொருள்படும் சொல்லுக்கு அங்கு இடமில்லை. மறைத்தவர் உண்டெனில் அப்பழி அவரையே சார வேண்டும். மறைப்பினுள் வாழ நேர்ந்தவரைச் சாரலாகாது.