நிலைமமா, வாயுவா? பெனெல்லியின் இரண்டு ஷாட்கன்கள்

இத்தாலியின் பெனெல்லி நிறுவனம் போலீஸ், ராணுவ உபயோகத்துக்குச் செய்த அரைத்தானியங்கி ஷாட்கன்களில் இரண்டு ரொம்பப் பிரபலம். ஒன்று 1980-களில் வந்த எம்1 சூப்பர் 90. இன்னொன்று 1998-ல் உருவான எம்4. வெளியே இருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். ஆனால் உள்ளே இயங்கும் முறை முற்றிலும் வேறு. முப்பது வருஷம் ஒரே முறையைத் தன் அடையாளமாக வைத்திருந்த நிறுவனம் எம்4-ல் ஏன் அதைக் கைவிட்டது என்பதுதான் என் கேள்வி.

முதலில் கொஞ்சம் பின்னணி. அரைத்தானியங்கி ஷாட்கன்னுக்கு வழி போட்டவர் ஜான் பிரவுனிங். 1900-ல் காப்புரிமை பெற்ற அவருடைய வடிவமைப்பில், சுட்டவுடன் குழலும் போல்ட்டும் ஒன்றாகப் பூட்டியபடியே பின்னால் ஓடும். பிறகு குழல் மட்டும் முன்னே திரும்பும், காலித் தோட்டா வெளியே விழும். வின்செஸ்டரோடு ராயல்டி விஷயத்தில் ஒத்துவராததால் அவர் பெல்ஜியத்தின் எஃப்என் நிறுவனத்துக்குப் போனார். அதுதான் ஆட்டோ-5. நல்ல துப்பாக்கி, ஆனால் ஒவ்வொரு தடவையும் அத்தனை கனமான குழல் முன்னும் பின்னும் ஓடணும். 1963-ல் வந்த ரெமிங்டன் 1100 வேறு வழியில் போனது. குழலில் சிறு துளைகள் போட்டு, வெடிமருந்து வாயுவில் கொஞ்சத்தை எடுத்து பிஸ்டனைத் தள்ள வைத்தது. உதைப்பு குறைந்தது, கூடவே கரி படியும் தொல்லையும் வந்தது.

1967-ல் உர்பினோவில் தொடங்கிய பெனெல்லி ஆர்மி இந்த இரண்டையும் விட்டுவிட்டு, புரூனோ சிவோலானி என்பவரின் யோசனையை எடுத்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் படித்த நிலைமம்தான் அது. பஸ் சட்டென்று கிளம்பினால் நிற்பவர் பின்னால் சாய்கிறார் இல்லையா? அதே கதைதான். சுடும்போது துப்பாக்கி முழுவதும் பின்னால் நகர்கிறது, உள்ளே இருக்கும் கனமான போல்ட் உடல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. அதற்கும் போல்ட் தலைக்கும் நடுவே உள்ள கெட்டியான ஸ்பிரிங் நசுங்குகிறது. குழலில் அழுத்தம் இறங்கியதும் ஸ்பிரிங் விரிந்து போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளுகிறது. வாயு உள்ளே வருவதே இல்லை, அதனால் கரி குறைவு, பாகங்களும் குறைவு. எம்1 இந்த வழியில் வந்ததுதான்.

சிக்கல் எங்கே? இந்த முறைக்குத் துப்பாக்கி பின்னால் நகர்ந்தே ஆகணும். டார்ச், இரவுப் பார்வைக் கருவி என்று மாட்டிக்கொண்டே போனால் எடை கூடும், நகர்வு குறையும். பலம் குறைந்த தோட்டாவும் சேர்ந்தால் ஸ்பிரிங் போதுமான அளவு நசுங்காது. அடுத்த தோட்டா ஏறாமல் போகலாம். வேட்டைக்காரருக்கு அது ஒரு பறவை தப்பிய கதை. கதவை உடைத்து உள்ளே நுழைகிற வீரருக்கு உயிர்ப் பிரச்சினை.

1998 மே மாதம் அமெரிக்க ராணுவத்தின் பிகாடினி ஆயுத மையம் புதிய அரைத்தானியங்கி ஷாட்கன் வேண்டும் என்று அறிவித்தது. பெனெல்லி கொடுத்தது எம்4, அதன் முதல் வாயு இயக்கத் துப்பாக்கி. ஆர்கோ என்று பெயர் வைத்த அந்த அமைப்பில் இரண்டு குட்டி ஸ்டெயின்லெஸ் பிஸ்டன்கள் தோட்டா அறைக்குச் சற்று முன்னாலேயே இருந்து போல்ட்டை நேரடியாகத் தள்ளுகின்றன. அந்த இடத்தில் வாயு நல்ல சூடாக, சுத்தமாக எரிந்து வருவதால் பழைய கரித் தொல்லை பெரிதும் குறைகிறது. மேலே எவ்வளவு கருவி மாட்டினாலும் இயக்கத்துக்குக் கவலையில்லை. மேரீன் படைக்கு 1999-ல் இது எம்1014 என்ற பெயரில் போய்ச் சேர்ந்தது.

இதை வைத்து 'வாயு ஜெயித்தது, நிலைமம் தோற்றது' என்று எழுதினால் அது சரியான வரலாறு ஆகாது. எம்4-க்குப் பிறகு வந்த எம்2-வில் பெனெல்லி மறுபடி நிலைமத்துக்கே போனது. எடை குறைவாக, சுத்தம் செய்ய லேசாக ஒன்று வேண்டும் என்பவருக்கு அது. நிறையக் கருவி மாட்டணும் என்பவருக்கு எம்4. நிலைம முறை கெட்டுப்போகவில்லை. துப்பாக்கியின் மேல் ஏறிய சாமான்கள்தான் மாறின. ஆயுத வரலாற்றில் 'எது சிறந்தது' என்று தேடும்போது, 'யார், எதற்காகக் கேட்டார்கள்' என்பதையும் கூடவே தேடணும்.