பிறப்பா, பயிற்சியா?
தொழில் முனைவோர் பயிற்சி வளர்ந்த வரலாறு

ஒரு சமுதாயத்தின் எழுச்சிக்குக் கல்வியே முதற்படி என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. நம் சங்கம் தோன்றிய நாள்முதல் இன்றுவரை நாம் பெரிதும் பேசிவந்தவை இரண்டு. ஒன்று பள்ளி; மற்றொன்று அரசுப் பணி. இரண்டும் வேண்டுவனவே. ஆயினும், பணியிடங்கள் சிலவாகவும் தேர்வெழுதுவோர் பல இலட்சவராகவும் இருக்கும் இந்நாளில், பட்டம் பெற்ற நம் பிள்ளைகள் ஐந்தாண்டு, பத்தாண்டு எனத் தேர்வறிக்கையை எதிர்நோக்கியே இளமையைக் கழிக்கின்றனர். இவர்கள் சொந்தத் தொழில் தொடங்கலாகாதா என்று வினவினால், “தொழிலும் வாணிபமும் நம் இரத்தத்தில் இல்லை” என்னும் விடையே பெற்றோரிடமிருந்து வருகிறது.

இவ்விடை மெய்யானதா? தொழில் தொடங்கும் ஆற்றல் பிறப்பால் வருவதா? பயிற்சியால் வருவதா? இவ்வினாவைக் கற்றறிந்தோர் ஆய்ந்து விடை கண்டுள்ளனர். அந்த ஆய்வு நடந்ததும் நம் நாட்டிலேதான். அவ்வரலாற்றை இளைஞர்கள் அறிதல் நலம் எனக் கருதி இக்கட்டுரையை வரைகின்றோம்.

கடைத் திண்ணை என்னும் பள்ளி

வணிகர் வீட்டுப் பிள்ளை எங்கே தொழில் கற்கிறான்? எட்டு வயதில் தந்தையின் கடையில் போய் அமர்கிறான். சரக்கு எங்கிருந்து வருகிறது, எவருக்குக் கடன் தரலாம், எவருக்குத் தரலாகாது, பண்டிகைக்கு எத்தனை நாள் முன்னர்க் கொள்முதல் செய்தல் வேண்டும் என்பவற்றையெல்லாம் எவரும் பாடமாகச் சொல்லாமலே கண்டும் கேட்டும் அறிகிறான். இருபது வயதில் அவன் கல்லாவில் அமரும்போது பன்னிரண்டு ஆண்டுப் பயிற்சி முடிந்திருக்கிறது. உலகம் அதனைப் பயிற்சி என்று கூறாமல், ‘பிறவிக் குணம்’ என்று கூறிவிடுகிறது.

நம் முன்னோர்க்கு அத்திண்ணை மறுக்கப்பட்டது. நிலம் உழுதனர், களம் அடித்தனர், தோல் பதனிட்டனர், பறை செய்தனர். உழைப்பிலும் கைத்திறனிலும் அவர்கள் எவர்க்கும் இளைத்தவரல்லர். ஆனால் கூலியைப் பெரும்பாலும் தானியமாகவே பெற்றனர். பொருளைச் செய்தவர் ஒருவர். அதற்கு விலை கூறி விற்றவர் மற்றொருவர். கணக்கேடும் தராசும் நம் கைக்கு வரவேயில்லை.

கல்வி ஒன்றே இத்தடையை நீக்கிவிடும் என்று கூறவும் இயலாது. அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவிலும் இலண்டனிலும் பொருளியல் பயின்று 1917இல் தாயகம் திரும்பினார். பரோடாவில் பணியைத் தொடர இயலாமற்போன பின்னர், பம்பாயில் பங்குச் சந்தை முதலீடு பற்றி ஆலோசனை கூறும் தொழிலொன்றைத் தொடங்கினார். அவர் பிறந்த சாதி இன்னதென்று தெரிந்தவுடன் வாடிக்கையாளர் விலகினர், தொழில் நின்றுபோயிற்று. 1918இல் அவர் கல்லூரிப் பேராசிரியரானார். அண்ணலுக்கு அறிவிலும் குறைவில்லை; முயற்சியிலும் குறைவில்லை. குறை வாங்க வந்தோர் மனத்தில் இருந்தது. இதனை நாம் மறத்தலாகாது. பயிற்சியைப் பற்றிப் பேசும்பொழுதெல்லாம் இந்நிகழ்ச்சியையும் உடன்வைத்தே எண்ணுதல் வேண்டும்.

காக்கிநாடாவில் நடந்த ஆய்வு

அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் மெக்லேலண்டு என்னும் உளவியற் பேராசிரியர் இருந்தார். ஒரு நாடு பொருள்வளம் பெறுவதற்கு இயற்கை வளமும் மூலதனமும் மட்டும் போதா. ‘செய்து முடிக்க வேண்டும்’ என்னும் சாதனை வேட்கை அந்நாட்டு மக்களிடம் மிகுந்திருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1961இல் அவர் வெளியிட்ட நூல் இதனை விரித்துரைத்தது. அவ்வேட்கை பிறவியிலேயே அமைவதா, வளர்ந்த பின்னும் ஊட்டக்கூடியதா என்பதே அடுத்து எழுந்த வினா.

இதற்கு விடை காண அவர் தேர்ந்தெடுத்த இடங்களுள் ஒன்று ஆந்திரக் கடற்கரையிலுள்ள காக்கிநாடா. ஐதராபாத்தில் இயங்கிய சிறுதொழில் விரிவாக்கப் பயிற்சி நிறுவனத்துடன் இணைந்து, 1964இல் தொடங்கி, அந்நகரத்துச் சிறுதொழில், வாணிபத் துறையினர் 52 பேர் பகுதி பகுதியாகப் பயிற்றுவிக்கப்பட்டனர். பயிற்சி முறை புதுமையானது. ஒரு படத்தைக் காட்டி அதற்கேற்ற கதையொன்றை எழுதச் சொல்வர். எழுதியவன் மனம் சாதனையை நாடுகிறதா, அச்சத்தில் உழல்கிறதா என்பது கதையில் வெளிப்பட்டுவிடும். மற்றொன்று வளையம் எறியும் விளையாட்டு. முளைக்கு எவ்வளவு தொலைவில் நிற்பது என்பது எறிபவர் விருப்பம். அருகில் நின்று எறிபவர் எளிதில் வெல்வர், பயனில்லை. மிகத் தொலைவில் நிற்பவர் குருட்டு நல்வாய்ப்பை நம்புகின்றனர். கடினமாயினும் முயன்றால் இயலும் என்னும் நடுத்தொலைவைத் தேர்பவரே தொழிலுக்கு ஏற்றவர் என்பது மெக்லேலண்டின் முடிவு. இவற்றின் வழியே தம்மைத் தாமே அறிந்து, தமக்கொரு குறிக்கோளை வகுத்துக்கொள்ளப் பயின்றனர்.

பின்னர்ப் பயிற்சி பெற்றோரையும் பெறாதோரையும் ஒப்பிட்டு நோக்கினர். பயிற்சி பெற்றோரே புதிய முயற்சிகளில் மிகுதியாக ஈடுபட்டனர், மிகுதியாக முதலீடு செய்தனர், மிகுதியானோர்க்கு வேலையளித்தனர். பழைய நம்பிக்கைகளும் மரபு வழக்கங்களும் ஒருவர் முன்னேற்றத்திற்குத் தடையாக நிற்கவில்லை என்றும், தக்க பயிற்சி இருந்தால் ஊக்கம் பிறக்கும் என்றும் தெளிவாயிற்று. 1969இல் இம்முடிவுகள் நூலாக வெளிவந்தன.

‘தொழில் நம் இரத்தத்தில் இல்லை’ என்போர்க்கு இது தக்க விடையாகும். ஆயினும் ஒன்றைக் கருதுதல் வேண்டும். காக்கிநாடாவில் பயிற்சிக்கு வந்தோர் முன்னரே தொழிலில் நின்றவர்கள். கடையும் கைம்முதலும் இல்லாதவனுக்கு அவ்வாய்வு வழி காட்டவில்லை. அவ்வழியைத் திறந்தது குஜராத்து.

ஈடு இல்லாதவனுக்கும் கதவு திறந்தது

1969இல் குஜராத்துத் தொழில் முதலீட்டுக் கழகம், தொழில்நுட்பம் அறிந்த, ஆனால் சொத்தில்லாத இளைஞர்க்கு ஈடு கேளாமல் கடன் வழங்கும் திட்டமொன்றை வகுத்தது. பணம் கொடுத்தால் மட்டும் போதாது. தொழில் நடத்தும் வகையையும் கற்பித்தல் வேண்டும் என்னும் தெளிவு விரைவிலேயே பிறந்தது. அதன் பயனாக 1970இல் அகமதாபாத்தில் தொழில் முனைவோர்க்கான மூன்று மாதப் பயிற்சி தொடங்கியது. இம்முயற்சிகளில் முன்னின்றவர் வி. ஜி. பட்டேல் என்னும் பொருளியல் அறிஞர். 1979இல் குஜராத்து அரசின் சார்பில் இதற்கெனத் தனி மையம் அமைந்தது. 1983இல் தேசிய அளவிலான நிதி நிறுவனங்களும் பாரத ஸ்டேட் வங்கியும் துணைநிற்க, இந்தியத் தொழில் முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் அகமதாபாத்தில் தோன்றியது.

‘உன் தந்தை யார்? உன் சொத்து எவ்வளவு?’ என்று கேட்டுவந்த வங்கியின் வினா, ‘நீ யார்? உன் திட்டம் என்ன?’ என்று மாறியது இங்கேதான். ஒடுக்கப்பட்ட மக்களின் நோக்கில் இவ்வரலாற்றின் தலைசிறந்த திருப்பம் இதுவே.

பயிற்சியில் கற்பிப்பது என்ன?

இன்று இத்தகைய பயிற்சிகள் பல பெயர்களில் நடைபெறுகின்றன. ‘புத்தொழில்’ என்று இளைஞர் கூறுவதும் இம்மரபில் வந்ததே. பெயர் எதுவாயினும் படிகள் ஏறத்தாழ ஒன்றே. முதலாவது, தன்னை அறிதல். இரண்டாவது, எண்ணத்தைத் தேர்தல். மூன்றாவது, சந்தையை நேரில் சென்று ஆய்தல். நான்காவது, திட்ட அறிக்கை எழுதுதல். ஐந்தாவது, வங்கியை அணுகுதல். தொழில் தொடங்கிய பின்னரும் சிலகாலம் உடனிருந்து வழிகாட்டுதல் ஆறாவது.

எடுத்துக்காட்டாக, துணிப்பை தைத்து விற்க ஓர் இளைஞன் எண்ணுவதாகக் கொள்வோம். பை ஒன்று 40 ரூபாய். துணி, நூல், தையற்கூலி ஆகியவற்றிற்கு 28 ரூபாய். எஞ்சுவது 12 ரூபாய். கட்டட வாடகை, மின்கட்டணம் முதலிய நிலையான செலவு மாதம் 9,600 ரூபாய் என்றால், 800 பைகள் விற்றால்தான் நட்டமில்லை; 801ஆவது பையிலிருந்தே இலாபம் தொடங்கும். 1,000 பைகள் விற்றால் இலாபம் 2,400 ரூபாய். இதுவரை நம் எட்டாம் வகுப்புப் பிள்ளையும் கணக்கிடுவான். ஆனால் கடைக்காரர் 45 நாள் கழித்தே பணம் தருவார். துணி வணிகரோ உடனே கேட்பார். ஒரு மாதச் செலவு 37,600 ரூபாய் எனின், ஒன்றரை மாதத்திற்கு 56,400 ரூபாய் கையில் இருந்தாலன்றித் தொழில் ஓடாது. தையற்பொறி வாங்கக் கடன் பெற்றவன் இந்நடைமுறை மூலதனத்தை எண்ணாதிருந்தால், இலாபம் தரவேண்டிய தொழிலே இரண்டாம் மாதத்தில் முடங்கிவிடும். வணிகர் மகன் திண்ணையில் கற்றது இதுதான். அதனை நம் பிள்ளைக்குச் சில வாரங்களில் கற்பிப்பதே பயிற்சி.

சந்தை ஆய்வும் அத்தகையதே. ‘இப்பொருளை எல்லாரும் வாங்குவர்’ என்று வீட்டிலிருந்து கூறுதல் எளிது. இருபது கடை ஏறி, எத்தனை பேர் வாங்குவர், என்ன விலைக்கு, எத்தனை நாள் கடனுக்கு என்று கேட்டறிந்து எழுதிவருதல் அரிது. பல எண்ணங்கள் இப்படியிலேயே மாறிவிடும். அது தோல்வியன்று, பணம் இழக்குமுன் பெற்ற அறிவு.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் 1974இல் தாட்கோ நிறுவனம் தோன்றி, நம் மக்களுக்கு வீட்டு வசதியுடன் பொருளாதாரக் கடனுதவியும் பயிற்சியும் வழங்கி வந்துள்ளது. 1986இல் திருச்சிராப்பள்ளி வட்டாரப் பொறியியற் கல்லூரியைச் சார்ந்து அறிவியல் தொழில்நுட்பத் தொழில் முனைவோர் பூங்கா அமைந்தது. 2001இல் தமிழ்நாட்டிற்கெனத் தொழில் முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் ஏற்பட்டது.

நாடளவில், 2005இல் புனேயில் தலித் இந்திய வணிகத் தொழிற் சங்கம் தோன்றியது. 2012ஆம் ஆண்டின் ஆணையொன்று, நடுவண் அரசின் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில் முனைவோரிடமிருந்து பெறுதல் வேண்டும் என்று வகுத்தது. 2022–23இல் தமிழ்நாடு அரசு பட்டியல் சாதி, பழங்குடியினரின் புத்தொழில்களில் முதலீடு செய்ய 30 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2023இல் அண்ணல் அம்பேத்கர் பெயரால், 35 விழுக்காடு மூலதன மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் தரும் தொழில் முன்னோடிகள் திட்டத்தைத் தொடங்கியது.

இவ்வளவும் இருந்தும் நம் நிலை என்ன? 2005ஆம் ஆண்டுப் பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி, மக்கள்தொகையில் ஏறத்தாழ 16 விழுக்காடாகிய பட்டியல் சாதியினர், நாட்டின் தொழில் நிலையங்களில் 9.8 விழுக்காட்டையே உடைமையாகக் கொண்டிருந்தனர். தமிழ்நாட்டின் மக்கள்தொகையிலோ, 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாம் ஐவரில் ஒருவர்.

நாம் செய்ய வேண்டுவன

பயிற்சி ஊக்கத்தைத் தரும், கணக்கைத் தரும், திட்ட அறிக்கையைத் தரும். வாங்குவோர் மனத்தை அது மாற்றாது. அண்ணலின் அலுவலகத்தை மூடச்செய்த அந்நோய் இன்றும் முற்றும் நீங்கவில்லை. கடையின் பெயரிலும் உரிமையாளர் பெயரிலும் சாதியைத் தேடும் கண்கள் இன்னும் உள. ஆதலின் பயிற்சியே அனைத்தும் என்று எண்ணி ஏமாறுதலும் கூடாது. பயிற்சியால் பயனில்லை என்று ஒதுங்குதலும் கூடாது. தனியொருவராய் அண்ணல் எதிர்கொண்டதைச் சங்கமாய் நிற்கும் நாம் எதிர்கொள்ள இயலும். நம்மவர் செய்யும் பொருளை முதலில் நாம் வாங்குவோம். முன்னரே தொழிலில் நிலைபெற்ற நம்மவர், புதிதாய் வருவோர்க்குத் தம் கொள்முதல் வழிகளைக் காட்டுதல் வேண்டும். தந்தையின் கடைத் திண்ணை இல்லாத பிள்ளைக்குச் சங்கமே திண்ணையாதல் வேண்டும்.

மற்றொரு எச்சரிக்கையும் தேவை. மானியம் கிடைக்கிறதென்று கூறி, நம் இளைஞரின் பெயரையும் சாதிச் சான்றிதழையும் மட்டும் பெற்றுக்கொண்டு, தொழிலைத் தாம் நடத்தும் இடைத்தரகர் பலர் உளர். இலாபம் அவர்க்கு; கடன் அறிவிப்பு நம் வீட்டிற்கு. கையெழுத்திடுமுன் திட்ட அறிக்கையின் ஒவ்வொரு வரியையும் படித்துணர்தல் வேண்டும். தான் எழுதாத திட்டத்திற்குத் தான் கடன்படுதல் கொத்தடிமையின் புதிய வடிவமேயன்றி வேறன்று.

நம் சங்கத்தின் மாலை வகுப்புகளில் போட்டித் தேர்வுப் பாடத்தோடு பற்று வரவுக் கணக்கும், சந்தை ஆய்வும், திட்ட அறிக்கை எழுதுதலும் இடம்பெறல் வேண்டும் என்று இவ்வெள்ளி விழாவில் முன்மொழிகின்றோம். பதினொன்றாம் வகுப்பிலேயே தொடங்குதல் நன்று. அரசுப் பணிக்குச் செல்வோர்க்கும் இக்கல்வி வீண்போகாது. நாளை வங்கியில் அமரும் நம் பிள்ளை, எதிரில் நிற்கும் நம் பிள்ளையின் திட்டத்தைப் பரிவோடும் அறிவோடும் படிக்க அது உதவும்.

இளைஞர்களே! வளையம் எறியும் விளையாட்டை நினைவிற்கொள்க. முளையின் அருகே நின்று எளிய வெற்றியை நாடவேண்டா. எட்டாத் தொலைவில் நின்று நல்வாய்ப்பை வேண்டவும் வேண்டா. உங்கள் கைக்கு எட்டும் நடுத்தொலைவை நீங்களே அளந்து நில்லுங்கள். கற்பதற்கு உரிமை பெற்ற தலைமுறை நம்முடையது. செய்ததற்கு விலை கூறும் தலைமுறை உங்களுடையதாகுக!