தகரத் தொட்டி முதல் காட்டேஜ் குளியலறை வரை



இன்றைய பதிவு குளியலறையைப் பற்றியது. சிரிக்காதீர்கள்! மன்னர்கள் எங்கே போரிட்டார்கள் என்று வகுப்பில் படித்தோம்; மக்கள் எங்கே குளித்தார்கள் என்று படித்ததில்லை. அதுவும் வரலாறுதான்.

இங்கிலாந்தில் ஒரு பழைய சிறிய வீட்டை வாங்கியிருக்கும் நம் மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "டீச்சர், குளியலறையைக் காட்டேஜ் பாணியில் மாற்ற ஆசை. கடையில் சொல்லும் விலை கையிருப்புக்குக் கட்டுப்படியாகவில்லை. அம்மாவும் ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கப் போகிறார்கள். என்ன செய்யலாம்?" அவருக்கு எழுதியதையே கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன்.

முதலில் ஓர் உண்மை. அந்தக் காலத்துக் காட்டேஜ்களில் குளியலறையே கிடையாது! காட்டேஜ் என்பது பண்ணைக் கூலிகளும் தொழிலாளர்களும் வாழ்ந்த சிறு வீடு. துத்தநாகம் பூசிய தகரத் தொட்டி ஒன்று வெளிச்சுவரில் ஆணியில் தொங்கும். வாரம் ஒருமுறை அதை உள்ளே எடுத்து வந்து, அடுப்பு நெருப்பின் முன் வைத்து, வெந்நீர் ஊற்றி, ஒரே தண்ணீரில் வீட்டார் ஒருவர் பின் ஒருவராகக் குளிப்பார்கள். கழிவறை முற்றத்தின் கோடியில் இருக்கும். 1848ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம், அது நடைமுறைக்கு வந்த ஊர்களில், புதிய வீட்டுக்குக் கழிவறை கட்டாயம் என்றது. குளியலறை வேண்டும் என்று சொல்லவில்லை. சோப்புக்கே 1853 வரை வரி இருந்தது.

பர்மிங்காம் அருகே போர்ன்வில்லில் ஜார்ஜ் கேட்பரி 1895 முதல் தோட்டத்தோடு கூடிய நல்ல வீடுகளைக் கட்டினார். அங்கும் சிறிய வீடுகளில் தனிக் குளியலறைக்கு இடமில்லை. தொட்டியைச் சமையலறைத் தரையில் பதித்து மேலே மூடி போட்டார்கள். அல்லது அலமாரிக்குள் மடக்கி வைத்தார்கள்.

முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், 1918இல், டியூடர் வால்டர்ஸ் குழு தொழிலாளர் வீடுகளுக்கும் குளியல் வசதி வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆனாலும் 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு நிலையான குளியல் தொட்டி இல்லை. 1949, 1959 சட்டங்கள் பழைய வீடுகளில் இவ்வசதிகளைச் செய்ய அரசு மானியம் தந்தன. அப்படித்தான் பல வீடுகளில் சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்னக் குளியலறை ஒட்டிக்கொண்டது. ஒற்றைச் செங்கல் சுவர், குளிர், ஓதம். பழைய வீட்டுக் குளியலறை ஏன் இவ்வளவு சிறியது என்பதற்கு இதுவே விடை.

இப்போது பாணிக்கு வருவோம். படத்தில் அழகாகத் தெரியும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் உண்டு.

சுவரின் கீழ்ப்பாதியில் பலகை அடித்தது, உதிரும் காரையை மறைக்கவும் இடிபாடு படாமல் காக்கவும். இயந்திரத்தில் இழைத்த பலகை மலிவாகக் கிடைத்தது. வெள்ளைச் சுவர் என்பது ஆண்டுதோறும் அடித்த சுண்ணாம்பு. சுத்தம், வெளிச்சம் இரண்டும் குறைந்த காசில் கிடைத்தன. தொட்டிக்குக் கால்கள் வைத்தது, அடியில் துடைக்க வசதியாக. மரப்பெட்டிக்குள் அடைத்த தொட்டிகளில் ஈரமும் அழுக்கும் சேர்ந்தன. அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜான் மைக்கேல் கோலர் 1883இல் செய்த குளியல் தொட்டி, பண்ணையில் கால்நடைகளுக்கு வைக்கும் வார்ப்பிரும்புத் தொட்டிதான். எனாமல் பூசிக் கால்கள் பொருத்தினார், அவ்வளவே.

ஆக, சிக்கனம்தான் இந்தப் பாணியின் தாய். அதையே இன்று அதிக விலைக்கு விற்கிறார்கள்.

மாணவருக்கு நான் சொன்னது இதுதான். குழாய்களையும் கழிவறைக் கோப்பையையும் இருக்கும் இடத்திலேயே விடு. இடம் மாற்றினால்தான் செலவு ஏறும். பலகை அடிக்கும் முன் ஓதம் எங்கிருந்து வருகிறது என்று பார். கூரைத் தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறதா? வெளித்தரை மேடாகிவிட்டதா? ஓதத்தை மூடினால் பலகை உளுத்துப்போகும். பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசாதே; ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். பரிசோதிக்காமல் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதே. எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம். வாஷ்பேசின், கண்ணாடி, அலமாரி எல்லாம் பழையதாக வாங்கிக்கொள். அதுதான் உண்மையான காட்டேஜ் வழி.

கால் வைத்த தொட்டி மட்டும் வேண்டாம். அம்மாவால் அந்த உயரத்தைத் தாண்டிக் காலை வைக்க முடியாது. மிச்சப்படுத்திய பணத்தில் படியில்லாத ஷவர், வழுக்காத தரை, சுவரில் உறுதியாகப் பதித்த கைப்பிடி ஆகிய மூன்றையும் முதலில் செய்.

நான் வரலாறு நடத்தும்போதெல்லாம் "ஏன்?" என்று கேட்கச் சொல்வேனே, நினைவிருக்கிறதா? அதே கேள்வியைக் கடையிலும் கேளுங்கள். ஏன் இந்தப் பொருள் இப்படி வந்தது என்று தெரிந்தவர், எது தனக்குத் தேவை, எது வேண்டாம் என்பதையும் அறிவார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்தக் காலத்தில் எங்கே குளித்தார்கள் என்று கேட்டு, கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.