சான்றுள்ள முகமும் சான்றில்லா முகமும்: கொரிய அறிஞர் உருவப்படங்களும் திருவள்ளுவர் திருவுருவமும்

முன்னுரை

ஒட்டன்சத்திரம் போன்ற வட்டத் தலைநகர்களின் அரசு அலுவலகங்கள் முதல் சென்னைச் சட்டமன்றம் வரை திருவள்ளுவர் ஒரே முகத்துடன் காட்சி தருகிறார். நேரில் கண்டவர் எவரும் வரைந்து வைக்காத ஒரு முகம் எவ்வாறு பொதுவில் ஏற்கப்பட்டது? முக ஒப்புமையையே உயிராகக் கொண்ட கொரியக் கன்பூசிய அறிஞர் உருவப்பட மரபோடு ஒப்பிட்டு, இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

கொரிய மரபு

ஜோசான் அரசமரபுக் காலத்தில் (1392–1910) அறிஞர்தம் உருவப்படங்கள் பெரிதும் வழிபாட்டிற்காக வரையப்பெற்றன. முன்னோர் நினைவில்லங்களிலும் தனியார் கல்விக்கூடங்களிலும் அவற்றின்முன் சடங்குகள் நிகழ்ந்தன. ஒரு மயிரிழை மாறினும் வணங்கப்படுபவர் வேறொருவர் ஆகிவிடுவார் என்னும் கருத்து சீனச் சிந்தனையிலிருந்து பெறப்பட்டு வேரூன்றியிருந்தது. ஆகவே அம்மைத் தழும்பும் மருவும் மறைக்கப்படவில்லை. பட்டின் பின்புறத்தில் வண்ணம் பூசி, தோலின் நிறம் முன்புறத்தில் மென்மையாகத் தோன்றச் செய்தனர். சொங் சி-யொல் (1607–1689) படத்தில் முதுமையின் சுருக்கங்களும், யுன் து-சொ (1668–1715) வரைந்த தற்படத்தில் தாடியின் தனித்தனி மயிர்களும் தெளிவாகத் தெரிகின்றன. இவ்விரண்டும் இன்று கொரியாவின் தேசியச் செல்வங்கள். புறத்தோற்றத்தின் வழியே அகத்தைப் புலப்படுத்துவதே இம்மரபின் குறிக்கோளாகும்.

திருவள்ளுவர் உருவம்

வள்ளுவர்க்கு இத்தகைய சான்று இல்லை. எனவே அவரவர் சமயநோக்கிற்கேற்ப உருவங்கள் தோன்றின. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்லிஸ் வெளியிட்ட பொற்காசில் அமர்ந்த துறவியாக அவர் காணப்படுகிறார். சைவக் கோலத்திலும் வரையப்பட்டார். ஓவியர் கே. ஆர். வேணுகோபால் சர்மா சமயக்குறியும் பூணூலும் இன்றி, வெண்ணிற ஆடையும் ஏடும் எழுத்தாணியும் கொண்ட உருவை அமைத்தார். அவ்வோவியம் 1964இல் சட்டமன்றத்தில் குடியரசுத் துணைத்தலைவர் சாகிர் உசேனால் திறந்துவைக்கப்பட்டது. 1967இல் அரசு அலுவலகங்களில் அதனை வைக்க ஆணை பிறந்தது. காணாத முகத்திற்கு மாற்றாக, குறளின் பொதுமையையே ஓவியர் அளவுகோலாகக் கொண்டார் எனலாம்.

ஒப்புமை

உருவச்சான்று கிட்டாத நிலையைக் கொரியாவும் சந்தித்தது. தொய்கே என்னும் புனைபெயரால் அறியப்படும் யி ஹ்வாங்கிற்கு (1501–1570) அவர் காலத்துப் படம் கிடைக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டு ஓவியர் யி யு-தே வரைந்த உருவமே அரசின் தரப்படமாகி, 1975இல் 1,000 வொன் பணத்தாளில் இடம்பெற்றது. 1972இல் வெளிவந்த 5,000 வொன் தாளில் அறிஞர் யுல்கொக் (1536–1584) முகம் ஐரோப்பியச் சாயலில் அமைந்தது. அச்சுத்தகடு இங்கிலாந்தில் செய்யப்பட்டமையே காரணம். குறைகூறல்கள் எழுந்தபின் 1977இல் புதிய உருவம் வெளியிடப்பட்டது. சான்றில்லாத இடத்து, முகத்தை அரசும் பொதுமக்கள் ஏற்புமே உறுதி செய்கின்றன என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

முடிவுரை

கொரியப் பழம்படங்களை வரலாற்று ஆவணங்களாகக் கொள்ளலாம். வள்ளுவர் ஓவியமோ முகத்தின் ஆவணம் அன்று. குறளுக்கு ஓவியர் எழுதிய உரை. 2019இல் வள்ளுவர்க்குக் காவியுடை பூட்டப்பட்டபோது எழுந்த பூசலை இந்நோக்கில் அணுகுதல் தகும். எந்த ஆடை அவர் உண்மையில் உடுத்தது என்னும் வினாவிற்கு ஓவியம் விடை தராது. எந்த உருவம் நூலுக்கு இயைவது என்பதே ஆய்வுக்குரிய வினா. பாடநூல்களில் இப்படத்துடன் ஓவியர் பெயரையும் காலத்தையும் குறித்தல் இத்தெளிவிற்கு முதற்படியாகும்.